நெருப்புக்காளையின் மேல்முறையீடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு பெரியத்தான் தன் போனை பிரபாவிடம் நீட்டினார். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வாங்கினாள். போன் சூடாக இருந்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து கீழேயே வைக்கப்படாத சூடு. நீ கம்ப்யூட்டர் முன்னாலேயே இருக்கிறவள், அவங்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதிக் குடு, நாளைக்குக் காலையில் ஷேர் மார்க்கெட் திறப்பதற்குள் குரூப் திறந்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஹாலில் பாயைப் போட்டு அவள் கணவன், பெரியத்தானின் தம்பி சேர்மதுரை தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்படியில் பெரியத்தானின் மனைவி பொன்மலர் அக்கா மீன்சட்டியைத் தேய்க்கிற சத்தம். திரையில் அந்த வாசகம். எங்கள் சமூக விதிகளை மீறியதால் இந்தக் குழு மூடப்பட்டுள்ளது. முடிவு தவறென்று கருதினால் மேல்முறையீடு செய்யலாம். பிரபாவுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு அது மனப்பாடம். அதன் மறுபக்கத்தில்தான் அவள் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள், பெருங்குடியில், ஜன்னலைத் திறக்க முடியாத ஒரு மாடியில். இந்த வாசகம் யாருக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று அமுக்குகிற விரல்களில் அவள் விரலும் ஒன்று. குடும்பத்துக்குத் தெரிந்தவரை அவள் ஏதோ ஒரு பேங்குக்குப் போனில் பதில் சொல்கிற வேலை பார்க்கிறாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். திரையின் மேல் மூலையில் மூடப்பட்ட குழுவின் பெயர் சாம்பல் எழுத்தில் இருந்தது, காளைக் கூட்டம். அதற்குக் கீழே போனின் சொந்தக்காரர் அங்கே வைத்துக்கொண்ட பெயர், நெருப்புக்காளை.

நெருப்புக்காளை. அந்தப் பெயரை அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். அந்த ஆளை அவள் ஒரு மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தாள், முப்பது வயது, ஜிம்முக்குப் போகிற உடம்பு, பைக், வாயில் பாக்கு. குழுவினர் வாங்கிய பங்கின் விலையை இறக்கப் பார்க்கிற ஃபண்டை நடத்துகிறவனின் அம்மாவையும் அக்காவையும் இழுக்காமல் ஒரு வரி எழுதத் தெரியாதவன். டிவியில் பங்குச் செய்தி வாசிக்கிற பெண்ணைப் பற்றி ஒருநாள் அவன் எழுதியதைப் படித்துவிட்டு, பக்கத்து சீட் ஸ்டெல்லாவிடம், இவன் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள் அல்லவா என்று கேட்டிருந்தாள். இருந்தார்கள். அவளே இருந்தாள். அந்த ஆள் இதோ, சலவை வேட்டியும் கை வைத்த பனியனுமாக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கீழே பம்மல் தெருவில் தன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் கடையின் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இல்லை, இது வேறு யாரோ, போனை யாராவது பையன்கள் எடுத்திருப்பார்கள் என்று மனது ஒரு எட்டு வைத்தது, இந்த வீட்டில் பையன்கள் கிடையாது என்று உடனே திரும்பி வந்தது. உடன்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் பெரியத்தான் அவளிடம் நேருக்கு நேர் பேசியதே குறைவு. பொன்மலர், பிரபாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை. பொன்மலர், அவ ஊருக்கு எப்பப் போறான்னு கேளு. எல்லாம் அக்கா வழியாகத்தான். அவள் படுத்திருக்கிற அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்காமல் கடந்துபோகிற மனிதர். நாலாம் மாதத்தில் அவளுக்குக் கலைந்துபோனபோது சேர்மதுரை புனேயில் இருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இவர்தான் உட்கார்ந்திருந்தார், மடியில் ஹார்லிக்ஸ் ஃப்ளாஸ்க்கோடு. உள்ளே வரவில்லை. நர்ஸிடம் கொடுத்தனுப்பினார். கதவு திறக்கும்போதெல்லாம் அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது. அந்த முழங்கையை நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அவள் அழாமல் கிடந்தாள். அந்த முழங்கையும் டிவிப் பெண்ணைப் பற்றிய அந்த வரியும் ஒரே உடம்பில் எப்படி இருக்கும்? இருக்கின்றன. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு மனிதரைப் பார்க்க அவள் கண் மறுத்தது.

எழுதுதியா என்று ஜன்னல் பக்கமிருந்து கேட்டார், திரும்பாமல். எழுதுதேன் பெரியத்தான் என்றாள். பெட்டிக்குள் விரலை வைத்ததும் எழுத்துப் பலகை எழும்பியது. என்ன எழுதலாம்? அவளுக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். எந்த வார்த்தையைப் போட்டால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரின் விரல் எந்தப் பொத்தானுக்குப் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இன்றைக்கு ஞாயிறு, தமிழுக்கு ஸ்டெல்லா மட்டும்தான் வேலையில். ஸ்டெல்லா, இது பேச்சு வழக்கு என்று எழுதினால் விட்டுவிடுவாள், அதற்காக மேலேயிருந்து திட்டும் வாங்குவாள். பேச்சு வழக்கை அந்தச் சமூக வலைத்தளத்துக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் அவர்கள் பட்ட பாடு. எங்கேயோ தூர தேசத்திலிருந்து திரைக்குள் வந்து பாடம் நடத்திய பயிற்சியாளர், செருப்பு பிஞ்சிரும் என்பது உடைமைக்குச் சேதமா, ஆளுக்குச் சேதமா என்று நிஜமாகவே கேட்டார். தோலை உரிச்சிருவேன் என்று அம்மா சொல்லாத நாள் எனக்கு நினைவில்லை, இன்னும் தோலோடுதான் இருக்கிறேன் என்று பிரபா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டு விதி அப்படியேதான் இருக்கும் என்றார். பிறகு இந்தப் பங்குக் குழுக்கள் வந்தன. வேதகிரி பம்ப்ஸ் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனி. அதன் பங்கை ஒரு பெரிய ஃபண்டு கடனாக வாங்கி விற்றுத் தள்ளியது, விலை விழுந்த பிறகு மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து நடுவில் உள்ளதை அள்ளிக்கொள்ளலாம் என்று. கடைக்காரர்கள், வாத்தியார்கள், ரிட்டயர் ஆனவர்கள், வீட்டிலிருந்தபடி போனில் பங்கு வாங்குகிற ஜனம் இதைக் கண்டுபிடித்துக் கூட்டம் சேர்த்தது. யாரும் விற்காதே, விற்காமல் இருந்தால் அவன் திருப்பிக் கொடுக்கப் பங்கு கிடைக்காமல் என்ன விலைக்கும் வாங்கித்தான் ஆக வேண்டும், கழுத்தை நெரி. நெரி என்றால் இதுதான். காளைக் கூட்டத்தில் ராத்திரி பகலாக அந்த ஒரே சொல். விற்காதீங்க என்று சொல்வது தப்பா என்று ஸ்டெல்லா கேண்டீனில் சண்டையே போட்டாள். டிவியில் கோட்டுப் போட்டவன் வாங்கு, வில் என்று சொன்னால் ஆலோசனை, பம்மல் கடைக்காரன் சொன்னால் கூட்டுத் தூண்டுதலா? போன மாதம் தூண்டுதல் என்றார்கள், இந்த மாதம் கருத்து என்றார்கள், அடுத்த மாதம் வேறு. பிரபா அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பேசவில்லை. பம்மல் கடைக்காரன் என்று ஸ்டெல்லா பொதுவாகத்தான் சொன்னாள். இப்போது அது நினைவுக்கு வந்து அவள் காது சூடாயிற்று.

நெரி என்கிற சொல்லுக்காக அவள் குழுவை மூடவில்லை. அதை மட்டும் அவள் சத்தியமாகச் சொல்ல முடியும். மூடியது அந்தப் படத்துக்காக. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடியப் போகிற நேரம். ஃபண்டை நடத்துகிறவனின் மும்பை வீட்டு கேட்டை எவனோ படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தான். சாதாரண கேட், கருப்புப் பெயின்ட், கம்பிக்கு உள்ளே சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று சாய்ந்து நின்றது, பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் வைத்த சைக்கிள். படத்துக்குக் கீழே நெருப்புக்காளை எழுதியிருந்தது: இவன் கழுத்தை நெரிக்க இனி மார்க்கெட் எதுக்கு, வீடுதான் தெரிஞ்சுபோச்சே. பிரபா அந்த வரியைப் படித்தாள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், நீக்கு என்பதை அமுக்கினாள், குழுவை மூடப் பரிந்துரை என்பதையும் அமுக்கினாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பஸ் துரைப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போதே அந்தக் கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது, இரண்டு நாளாகப் போகவில்லை. சைக்கிளைப் பார்த்துத்தான் அமுக்கினேனா? இல்லை, முந்தின வாரம் இரண்டு பதிவுகளை விட்டுவைத்ததற்காக என் குவாலிட்டி ஸ்கோர் இறங்கியிருந்தது, இன்னொன்று விட்டால் மேலாளர் கூப்பிடுவார், அந்தப் பயத்தில் அமுக்கினேனா? சைக்கிள் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது. ஆனால் கையை நினைத்துப் பார்த்தால் கை படத்தைப் பெரிதாக்கும் முன்னாலேயே நகர ஆரம்பித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அல்லது இப்போது நினைக்கிறபோது அப்படி இருக்கிறதா? கையைக் கேட்க முடியாது. படத்தை நீக்கியதோடு நிறுத்தியிருக்கலாம், அந்த ஒரு ஆளை மட்டும் வெளியேற்றியிருக்கலாம், அதற்கும் பொத்தான் உண்டு. இரண்டு லட்சம் பேர் வாயை ஏன் சேர்த்து அடைத்தேன்? சனிக்கிழமை முழுக்க இதையே சுற்றினாள். ஆனால் அப்போதெல்லாம் அந்த இரண்டு லட்சம் பேருக்கும் முகம் கிடையாது, அது ஒரு எண்ணிக்கை. இன்றைக்கு அதில் ஒருவர் அவளுக்கு மீன் துண்டு வைக்கச் சொல்லி அக்காவிடம் சொன்னார். சாப்பிடும்போது சேர்மதுரையிடம் பெரியத்தான் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார், கடை மாடியில் தையல் கூடம் கட்ட வைத்திருந்த பணம் அப்படியே வேதகிரியில் இருக்கிறது என்று, குரூப் மூடிக் கிடந்தால் நாளைக்குக் காலையில் ஆளாளுக்குப் பயந்து விற்பார்கள், பிறகு எதுவும் மிஞ்சாது என்று. எவனோ ஒருத்தன் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு பட்டனை அமுக்கிவிட்டான் என்றார். பிரபா முள்ளை ஒதுக்குகிறவள்போலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தட்டச்சு செய்தாள். கழுத்தை நெரித்தல் என்பது எங்கள் வட்டாரத்தில் பேச்சு வழக்கு, பங்கு விலையைப் பற்றியது, எந்தத் தனி மனிதரையும் குறிப்பதல்ல. இது போதும். ஸ்டெல்லா முன்னால் அந்தச் சொல் மட்டும்தான் மஞ்சளாகப் போய் நிற்கும், படம் வேறு அடுக்கில் இருக்கும், தேடிப் போனால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை யார் தேடிப் போகிறார்கள்? சாயங்காலத்துக்குள் திறந்துவிடும். அனுப்பு என்கிற இடத்துக்கு விரல் போனது, நின்றது. எந்தத் தனி மனிதரையும் குறிப்பதல்ல. அந்த வரி பொய் என்று அவளுக்குத் தெரியும், எழுதச் சொன்னவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. இப்படியே அனுப்பிவிட்டு, போனைக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஹாலில் உட்கார்ந்து இவர் முழங்கையைப் பார்க்க வேண்டும். வாய் தானாகவே திறந்தது. “பெரியத்தான், அந்த கேட் படத்துக்குக் கீழ எழுதினதை என்னன்னு சொல்ல?” அடுப்படியில் குழாய்ச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினார். கேட்டைப் பற்றியோ படத்தைப் பற்றியோ அவர் இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. உனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டார். வாயிலிருந்து போனதை இனிமேல் உள்ளே இழுக்க முடியாது. எங்க ஆபீஸ் பேங்க் இல்லை பெரியத்தான், இந்த மாதிரி ஜனங்கள் எழுதுவதைப் படித்துப் பார்த்து இருக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை, வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றாள். “அப்போ குரூப்பை மூடினது?” என்றார். “நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.” கத்துவார் என்று நினைத்தாள். பணத்தைப் பற்றிக் கேட்பார், சேர்மதுரையை எழுப்புவார், அக்காவைக் கூப்பிடுவார். அவர் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பனியன் கையைக்கூடக் கொஞ்சம் இழுத்துவிட்டார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், “நான் எழுதினதெல்லாம் படிச்சியா?” என்றார். நீங்கன்னு தெரியாது என்றாள். “படிச்சியான்னுதான் கேட்டேன்.” படிச்சேன் என்றாள். அவருடைய முகம் எங்கேயாவது போய் வைத்துக்கொள்ள இடம் தேடுவதுபோல ஜன்னலுக்குப் போனது, காலண்டருக்குப் போனது, தூங்குகிற தம்பியிடம் போனது. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் எழுதினது என்றார், அங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுதாங்க, நல்லா எழுதுனா ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கிறதில்லை, அப்படி எழுத ஆரம்பிச்ச பிறகுதான் அண்ணன் அண்ணன்னு வந்தாங்க. இதை அவளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அதையெல்லாம் அழிக்க முடியுமா என்று கேட்டார். மூடின குரூப்புக்குள் போக முடியாது, திறந்தால்தான் நீங்கள் போய் அழிக்கலாம் என்றாள். சொல்லிவிட்டு, இப்போது திறக்க வேண்டும் என்று இவர் துடிப்பதற்கு ஒரு காரணம் இரண்டாகிவிட்டதே என்று நினைத்தாள். தனக்கும்கூடத்தான். திறந்தால் அவர் அழித்துவிடுவார், அழித்துவிட்டால் அவள் படிக்காத மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகாது. ஆனாலும் அனுப்பு என்கிற எழுத்து விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

என்ன எழுதியிருக்கே, படி என்றார். படித்தாள். இப்படி எழுதினால் திறந்துவிடுவார்களா என்றார். திறக்க வாய்ப்பு அதிகம், அந்தப் படம் இன்றைக்கு அங்கே பார்க்கிறவள் கண்ணில் படாது என்றாள். அவர் கீழே கடை ஷட்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒரு ஆட்டோ திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது, அதன் ஹாரன் சத்தத்துக்கு சேர்மதுரை புரண்டு படுத்தான், பிரபாவின் மனது அவன் எழுந்துவிடக் கூடாதே, எழுந்துவிட்டால் நல்லது, எழுந்துவிடக் கூடாதே என்று அதே இடத்தில் ஆட்டோவோடு சேர்ந்து திணறியது. அதை அழிச்சிரு என்று பெரியத்தான் சொன்னார். “நான் சொல்லுதேன், எழுது. படம் போட்டது வேற ஆளு, அதுக்குக் கீழ எழுதினது நான். உள்ள ஒரு பிள்ளையோட சைக்கிள் நிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் எழுதினேன். மத்தவங்க மேல தப்பில்லை. அவங்களுக்குத் திறந்துவிடுங்க, என்னை வெளிய தள்ளிருங்க.” அவள் விரல் எழுதவில்லை. தப்பென்று நீங்களே ஒத்துக்கொண்டால் விதிப்படி திறக்கவே மாட்டார்கள் பெரியத்தான் என்றாள். ஏழு வருஷத்தில் முதல்தடவையாக அவர் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார், “நீ படிச்சுட்டேல்லா. இனி நான் வேற என்னத்தை எழுதச் சொல்ல?” எழுதினாள். அவர் சொன்ன சொல்லில் ஒன்றையும் மாற்றவில்லை. சைக்கிள் என்று எழுதும்போது, நானும் பார்த்தேன், ஆனால் அதுக்காகத்தான் அமுக்கினேனா என்று எனக்கே நிச்சயமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இவர் சொன்னதுக்குப் பக்கத்தில் வைத்தால் தன்னுடைய அந்தக் கேள்வி எவ்வளவு சொகுசானது என்று தோன்ற, விழுங்கிக்கொண்டு அனுப்பினாள்.

பொன்மலர் அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள், எழுதியாச்சா என்று கேட்டாள், எழுதியாச்சு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் மேல்முறையீட்டைப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. ஸ்டெல்லா படித்தாளா, யாருமே படிக்காமல் இயந்திரமே திருப்பி அனுப்பியதா, பிரபாவாலேயே சொல்ல முடியவில்லை. பெரியத்தான் வாங்கிப் படித்தார், தலையை ஆட்டினார். போனை மேசைமேல் வைக்கப் போனபோது அது மறுபடி அதிர்ந்தது. புதுக் குரூப் ஒன்றுக்கு அழைப்பு. பேர் வேறு, ஆட்கள் அதே ஆட்கள். அண்ணனைக் காணோமே, அண்ணன் வந்தால்தான் களை கட்டும் என்று கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். அவர் அந்தக் குரூப்புக்குள் போனார். முதல் பதிவே அந்தக் கருப்பு கேட். அதன் கீழே அதே வரி, ஒரு எழுத்துப் பிசகாமல், நன்றி நெருப்புக்காளை அண்ணன் என்று போட்டு. அதற்கும் கீழே எவனோ ஒருவன், நான் மும்பையிலதான் இருக்கேன், சாயங்காலம் அந்தப் பக்கம் போய் எட்டிப் பாத்துட்டு வாரேன் என்று எழுதியிருந்தான். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு. பெரியத்தானின் கட்டைவிரல் தன் வரிமேல் போய் அழுத்தியது, அழி என்று எதுவும் வரவில்லை. அது அவர் போட்டதில்லை, அவர் பேரில் இன்னொருவர் போட்டது. மறுபடி அழுத்தினார். பிறகு போனை இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்து அவள் பக்கம் லேசாகத் திருப்பினார். “புகார் குடுக்கிறது எங்க அமுக்கணும்?” அவள் மூன்று புள்ளிகளைக் காட்டினாள். பட்டியல் விரிந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஒவ்வொரு காரணமாக வாய்க்குள் படித்தார். இதுவும் மூடிரும்லா என்றார். மூடலாம் என்றாள் பிரபா. தெரு ஆட்டோ ஒருவழியாகத் திரும்பிப் போயிருந்தது. அவர், ‘தனிநபருக்கு மிரட்டல்’ என்பதைத் தேடிப் பிடித்து, குழந்தைக்குச் சட்டை அளவெடுக்கிற ஜாக்கிரதையோடு விரலை வைத்து, அமுக்கினார்.